நாற்பத்தொன்றாம் எண் தாய்

மரக்காணம் உப்பளத் தெருவுக்கு ஜீன் ஆபீஸ் வந்தது 2005ஆம் வருஷம் ஆடி மாதத்தில். கடல் ஊருக்குள் வந்து போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் அரிசி கொடுப்பவர்கள், போர்வை கொடுப்பவர்கள், மனசு சரியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் வந்து முடித்திருந்தார்கள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்தபோதுதான் ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை வேன் தெருமுனையில் வந்து நின்றது. மைக்கில் ஒரு பெண் குரல் பேசியது.

“இப்பகுதியிலுள்ள, ஈனும் வயதுடைய பெண் பாலூட்டிகள் அனைத்தும் நாளை காலை ஒன்பது மணிக்கு நிவாரணக் கொட்டகைக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வரத் தவறும் பாலூட்டிகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.”

அலுவலகத்தின் முழுப்பெயர் பெண்பால் கருவள மரபணு மேம்பாட்டு மையம். அது யார் வாயிலும் நுழையாததால் ஜீன் ஆபீஸ் ஆயிற்று. ஜீன்ஸ் பேன்ட் தைக்கிற ஆபீஸ் என்று முதல் இரண்டு நாள் பாவாடை நினைத்துக்கொண்டிருந்தான். பாவாடைக்கு உப்பளத்தில் வேலை. அவன் மனைவி தனகோடிக்கும் அங்கேயேதான் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. மாமியாரை விட்டால் வீட்டில் இருந்த இன்னொரு பெண் ஜீவன் ஒரு செம்மறி ஆடு. அது இரண்டு ஈத்தில் நாலு குட்டி போட்டு, மூன்றாவதாகச் சினையாயிருந்தது. மாமியார் மங்கம்மா ஆட்டுக்குத் தழை போடும்போதெல்லாம் மருமகளின் காதில் விழுகிறபடி ஆட்டைப் பாராட்டுவாள்.

மறுநாள் தனகோடி ஆட்டை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மேஜையில் எழுத்தர் அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பேசுகிறவர்.

“ஆடு ஒண்ணு. நீ ஒண்ணு. ரெண்டு பாரம்.”

“நான் எதுக்கு சார்? ஆட்டுக்குத்தானே?”

“சுற்றறிக்கைல பெண் பாலூட்டின்னு போட்டிருக்குது. ஆடு, மாடு, மனுஷின்னு பிரிச்சுப் போடல. நான் பிரிச்சா அது என் தப்பாயிடும். உரிமையாளர் பேரு?”

“பாவாடை.”

இரண்டு பாரத்திலும் பாவாடை என்று எழுதினார். மிருகத்தின் பெயருக்குப் பாரத்தில் இடம் இல்லை.

“எத்தனை ஈத்து?”

“ஆடு ரெண்டு சார். நாலு குட்டி. இப்ப ரெண்டு மாசச் சினை.”

“நீ?”

தனகோடி காலடி மணலைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லீங்க.”

“கொம்பு?”

“எனக்கா, ஆட்டுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுக்கும் இல்லீங்க.”

அவளுடைய ரத்தக்குழாய்க்கு 41-அ என்றும் ஆட்டினுடையதற்கு 41-ஆ என்றும் சீட்டு ஒட்டினார்கள். உதவியாளர் ஒருவர் குழாய்களை ஐஸ் பெட்டிக்குள் போட்டார். ஐஸ் உருகி, சீட்டுகள் நனைந்து மிதந்தன. அவர் அவற்றைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, கைக்கு அகப்பட்ட குழாயில் ஒட்டி வைத்தார். தனகோடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். படித்தவர்கள் செய்கிறார்கள், கணக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

பிறகு இயக்குநர் டாக்டர் பஞ்சநாதன் பேசினார். மெலிந்த மனிதர், குரல் மட்டும் உடம்பைவிடப் பெரியது.

“ஒரு பெண் பாலூட்டி எத்தனை ஈனும் என்பதை அதன் தலையெழுத்து தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இல்லை. ஜீன் தீர்மானிக்கிறது. செம்மறியில் ஒரு ஜீன் இருக்கிறது. மாறிய காப்பி ஒன்று இருந்தால் ஈத்துக்கு இரண்டு குட்டி. இரண்டு காப்பியும் மாறியிருந்தால் சினைப்பையே வளராது, மலடு. இதையெல்லாம் இனிமேல் நீங்கள் பெற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாங்கள் சொல்லிவிடுவோம்.”

“ஒரு ஜெராக்ஸ் இருந்தா நல்லது, ரெண்டு இருந்தா கெட்டதாம்,” என்று பாவாடை பக்கத்திலிருந்தவனுக்கு விளக்கினான். பிறகு எழுந்து, “சார், ஆம்பளைக்கு ரத்தம் எடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டான்.

டாக்டர் சிரித்தார். “ஆண்கள் இந்தத் திட்டத்தில் வரவில்லை. அவர்களிடம் குறை இருப்பதாக இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.”

ஆண்கள் கைதட்டினார்கள்.

ஆவணிக் கடைசியில் அட்டைகள் வந்தன. பச்சை அட்டை என்றால் வளமுள்ளது. சிவப்பு என்றால் மலடு. தனகோடிக்குப் பச்சை: ‘இரட்டை ஈனும் ஜீன் உள்ளது. தாய் இருப்பில் சேர்க்கப்படுகிறது.’ ஆட்டுக்குச் சிவப்பு: ‘கருவளம் இல்லை. நீக்கத்துக்கு உரியது.’

தனகோடிக்கு ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. அட்டை மாறிவிட்டது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மங்கம்மா அட்டையைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ரெட்டப் புள்ளயாம்டா! கவருமெண்டே எழுதிக் குடுத்துட்டான்!”

அன்று சாயங்காலம் மாமியார் அவளுக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். ஏழு வருஷத்தில் முதல் முறையாகக் “கண்ணு” என்றாள். தனகோடி முட்டையை மென்று விழுங்கினாள். சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஜான்சிக்குச் சிவப்பு அட்டை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தன. “நான் மலடின்னா அப்ப இதுங்க ரெண்டும் யாருதுன்னு கேக்கறாருக்கா எங்க வீட்டுக்காரு,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் ஆரோக்கியராஜ் முதல் நாள் சிரித்துக்கொண்டு கேட்டான். மூன்றாம் நாள் சிரிக்காமல் கேட்டான். ஐந்தாம் நாள் ஜான்சி கன்னம் வீங்கி வேலைக்கு வந்தாள்.

அவள் அப்பாதுரையிடம் போய், சிவப்பு அட்டை வந்த பொம்பளைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“ஆடு மாட்ட நீக்க உத்தரவு வந்துடுச்சு,” என்றார் அவர். “மனுஷங்கள நீக்கறதுக்கு இன்னும் வரல. வந்தா முறைப்படி தகவல் சொல்வோம். பயப்படாதே.”

ஐப்பசியில் வேன் மறுபடி வந்தது. வயிறு புடைத்து நடக்க முடியாமல் நடந்த ஆட்டை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். “சினை ஆடு சார்,” என்றான் பாவாடை. “சிவப்பு அட்டைக்குச் சினை இருக்காது. அது வாயு,” என்றார் அப்பாதுரை. கதவு மூடியது. ஜன்னல் இல்லாததால் உள்ளே போனது எதுவும் வெளியே தெரியவில்லை. சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

தனகோடிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தன் பெயரில் வர வேண்டிய சிவப்பு அட்டையோடு அந்த ஆடு போயிருக்கிறது. நாலாம் நாள் காலை மங்கம்மா முட்டையை உரித்து நீட்டியபோது அவளுக்குக் குமட்டியது. மங்கம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தனகோடி வெளியே வந்து அனுமந்தைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

மையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் பூச்செடி. பின்பக்கம் இரண்டு பட்டி. ஒன்றுக்குப் பச்சைக் கம்பி, இன்னொன்றுக்குச் சிவப்புக் கம்பி. சிவப்புப் பட்டியில் அன்று எட்டு ஆடுகள் இருந்தன. முந்தின நாள் முப்பது இருந்ததாகக் காவலாளி சொன்னார். மீதி எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டாக்டர் பஞ்சநாதன் பட்டி ஓரத்தில் நின்றிருந்தார். கூடவே அப்பாதுரை, பதிவேட்டோடு.

“சார், அட்டை மாறிப்போச்சு,” என்றாள் தனகோடி. “அந்த ஆடு நல்ல ஆடு. மலடி நானு.”

அந்த வார்த்தையை ஏழு வருஷமாகப் பிறர்தான் சொல்லியிருந்தார்கள். தன் வாயால் அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

“மாறாது,” என்றார் டாக்டர் அன்பாக. “நீ படிக்காதவள், உன்னைக் குறை சொல்லவில்லை. கண்ணால் பார்ப்பதை நம்புகிறாய். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். வயிறு தெரிகிறது, மடி இறங்கியிருக்கிறது, அதனால் சினை என்று நினைக்கிறாய். வயிறு பொய் சொல்லும். மடி பொய் சொல்லும். ஆறு லட்ச ரூபாய் மெஷின் பொய் சொல்லாது. இந்தப் பிராணி ஒரு நாளும்...”

ஆடு கத்தியது. படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது. முன்னங்கால் இரண்டும் அதன்மேல் ஒரு மூக்கும் வெளியே தெரிந்தன. தனகோடி கம்பியைத் தாண்டி உள்ளே போய் மண்டியிட்டாள். கால் மணி நேரத்தில் ஈரமாக ஒரு பெட்டைக் குட்டியும், அதன் பின்னால் ஒரு கிடாவும் மண்ணில் கிடந்தன. ஆடு நக்க ஆரம்பித்தது.

டாக்டர் கம்பி ஓரமாக வந்து குனிந்து பார்த்தார்.

“அப்பாதுரை, அது என்ன?” என்றார் டாக்டர்.

“குட்டி மாதிரி இருக்குது சார்.”

“மாதிரி என்றே எழுதுங்கள்.”

அப்பாதுரை எழுதவில்லை. அவருக்கு வேறு கவலை. “சிவப்புப் பட்டில பிறப்புன்னு போட கலமே இல்லீங்க சார். ஆனா நாற்பத்தொண்ணாம் நம்பர்ல பச்சை ஒண்ணு இருக்குது. இரட்டை எதிர்பார்ப்புன்னு போட்டிருக்குது. உரிமையாளர் பாவாடை. இதுவும் பாவாடை. பிறந்தது ரெண்டு. அந்தக் கணக்குல வரவு வச்சா எல்லாம் நேராயிடும்.”

டாக்டர் முகத்தில் மறுபடி ரத்தம் வந்தது. “ஜீன் சொன்னபடியே நடந்திருக்கிறது!” என்றார். தனகோடியின் பக்கம் திரும்பி, “வாழ்த்துகள் அம்மா,” என்றார்.

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. இரண்டு குட்டியையும் ஒரு கோணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள். ஆடு கம்பியில் தலையை முட்டி முட்டிக் கத்தியது.

“ஆட்டையும் விடுங்க சார். தாயில்லாம குட்டி எப்படிப் பொழைக்கும்?”

“தாய் நீதானே,” என்றார் அப்பாதுரை. “பதிவுல அப்படித்தான் இருக்குது.”

மறுநாள் பாவாடை ஆட்டைக் கேட்டுப் போனபோது சிவப்புப் பட்டி காலியாகக் கழுவிவிடப்பட்டிருந்தது.

குட்டிகளுக்குத் தனகோடி பாட்டிலில் பால் கொடுத்தாள். மங்கம்மா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் முட்டையை நிறுத்தினாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சிவசங்கரி மட்டும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள்.

“ஜீனும் ஒரு காரணந்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு பொம்பளைக்குக் கரு தங்கணும்னா உடம்புல ரத்தம் இருக்கணும், சோறு இருக்கணும், வெயில்ல வேகாம இருக்கணும், இன்னும் நூறு இருக்குது. எல்லாத்துக்கும் மேல ஒரு ஆம்பள வேணும். உன் வீட்டுக்காரர யாராவது சோதிச்சாங்களா?”

பாவாடை தலையைக் குனிந்துகொண்டு புதுச்சேரிக்குப் போனான். கிருமி இருப்பதாகச் சொல்லி மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் வயிற்றுவலி மாத்திரை என்று சொல்லிவிட்டு வேளை தவறாமல் விழுங்கினான்.

மார்கழியில் மையத்தில் விழா நடந்தது. பட்டணத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். தனகோடியை மேடையில் உட்கார வைத்து, மடியில் இரண்டு குட்டியையும் கொடுத்து, போட்டோ பிடித்தார்கள். டாக்டர் பேசினார்.

“இந்தத் தாய்க்குப் பச்சை அட்டை வழங்கிய நாற்பத்தெட்டாவது நாள் இரட்டைப் பிரசவம். இயற்கை ஒன்பது மாதம் இழுத்தடித்த ஒரு வேலையை நமது மையம் நாற்பத்தெட்டு நாளில் முடித்திருக்கிறது. தாயும் சேயும் நலம். சேய்கள் இப்போதே புல் தின்கின்றன.”

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் குட்டிகளை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார். அதைப் பார்த்தபோதுதான் தனகோடிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் துக்கமும் கோபமும்.

தை பிறந்ததும் அப்பாதுரை வீட்டுக்கு வந்தார். பால் மறந்த முதல் பெண் குட்டி மையத்தைச் சேரும் என்று பச்சை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. பெட்டைக்குட்டியை வேனில் ஏற்றிவிட்டு ரசீது கொடுத்தார். ‘தனகோடி (41) ஈன்ற பெண் ஒன்று பெறப்பட்டது. ஒவ்வொரு ஈத்துக்கும் இந்நிபந்தனை பொருந்தும்.’

“ஆட்டுக்குட்டின்னு எழுதுங்க சார்,” என்றாள்.

“பெண்ணுன்னு போட்டா போதும். எல்லாத்துக்கும் சேரும்.”

மாசிக் கடைசியில் தனகோடிக்கு நாள் தள்ளிப்போனது. ஒரு மாதம் பொறுத்துச் சிவசங்கரியிடம் போனாள். நர்ஸ் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு சிவசங்கரி எழுந்து கதவைச் சாத்தினாள்.

“உன் பேர நோட்டுல எழுதல. பச்சை அட்டைக்காரங்க யாருக்குத் தங்கினாலும் ஜீன் ஆபீசுக்குத் தகவல் போகணும்னு ஆர்டர் வந்திருக்குது. போன வாரம் அந்த வேன் மைக்குல பேசற பொண்ணு வந்து, என் நோட்ட வாங்கிப் பக்கம் பக்கமா பார்த்துட்டுப் போச்சு.”

“பார்த்து இன்னா பண்ணுவாங்க?”

“தெரியல. தெரிஞ்சா பயம் கொஞ்சம் கொறையும்.”

அதன் பிறகு தனகோடி வயிற்றைப் புடவைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வீட்டில் பாவாடையைத் தவிர யாருக்கும் தெரியாது. மங்கம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடந்த வைகாசி. வெள்ளை வெயிலில் கண் கூசும். குனிந்து வாரும்போது உள்ளே ஏதோ அசைந்தது. நிமிர்ந்தபோது வரப்பின்மேல் வேன் வந்துகொண்டிருந்தது.

அப்பாதுரை இறங்கினார். இருபது பெண்கள் வேலையை நிறுத்தினார்கள்.

“நாற்பத்தொண்ணு எங்க? அடுத்த ஈத்து இன்னும் வரல. மேலேருந்து கேக்கறாங்க. கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு.”

வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தனகோடி உப்புப் பலகையைப் பிடித்தபடி நின்றாள். ஓடினால் எல்லாப் பக்கமும் வெளி. ஒளிய ஒரு மரம் கிடையாது. பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து அவள் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவரும் யாருக்கும் சொல்லவில்லை, நின்றார்கள். ஜான்சிதான் வாயைத் திறந்தாள்.

“தனகோடி செத்துட்டா சார்.”

“எப்போ?”

“போன மாசம். புள்ளப்பேத்துல.”

“குட்டி?”

“அதுவும் போச்சு.”

அப்பாதுரை பதிவேட்டைப் புரட்டினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மரணத்துக்குக் கலம் இருந்தது. நாற்பத்தொன்றுக்கு நேரே சிவப்பு மையில் கோடு இழுத்தார். “சாட்சி ஒண்ணு வேணும்.”

பெண்களை விலக்கிக்கொண்டு தனகோடியே முன்னால் வந்தாள். பேனாவை வாங்கி, உப்பு ஒட்டிய விரல்களால், மெதுவாக எழுத்துக்கூட்டி, அமுதவல்லி என்று இல்லாத ஒருத்தியின் பெயரில் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் அப்பாதுரை தலையைத் தூக்கினார். வெயிலில் கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். பிறகு வேன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“செத்தவங்க ரேஷன் கடைக்கு வரக்கூடாது,” என்றார் தாழ்ந்த குரலில். “ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது. இந்த ஊர்லயே கண்ல படக்கூடாது. தெரியுதா?”

அது இரக்கமா மிரட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதிவேட்டை மூடிக்கொண்டு அவர் ஏறினார். வேன் வரப்போடு திரும்பிப் போனது.

மத்தியானப் பஸ்ஸிலேயே பாவாடையும் தனகோடியும் புறப்பட்டார்கள். மங்கம்மாவையும் கிடாக்குட்டியையும் ஜான்சியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இடையஞ்சாவடியில் பாவாடையின் கூட்டாளி இருசப்பன் ஒரு முந்திரித் தோப்பில் காவல் இருந்தான். தோப்புக்குள் குடிசை போட்டுக் கொடுத்தான். நாலு மாதத்துக்கு மேல் தனகோடி தோப்பை விட்டு வெளியே வரவில்லை. ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே போய் நின்றுகொள்வாள்.

ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், வலி எடுத்தது. தோப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள், முடியவில்லை. ஊர் பேர் சொல்லாமல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான் பாவாடை. பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றுதான். இரண்டே முக்கால் கிலோ. நல்ல குரல்.

தனகோடி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். சின்ன விரல்கள் அவள் சேலையைப் பிடித்தன. எட்டு வருஷமாகக் காத்திருந்த முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நோட்டோடு வந்தாள். சின்னப் பெண், பல் தெரியச் சிரித்தாள்.

“பொண்ணு ரொம்ப அழகா இருக்குதுக்கா. பதியணும். அம்மா பேரு சொல்லுங்க.”

தனகோடி நோட்டைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் திரைக்கு அப்பால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். குழந்தையைச் சேலைக்குள் இழுத்து மூடினாள்.

“எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள்.